வங்கி கைமாறப் போகிறதாமே!

2020-ஆம் ஆண்டு நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை. அன்று பிற்பகல் பங்குச் சந்தை மூடப்பட்டபோது, கரூரில் பிறந்து வளர்ந்த லட்சுமி விலாஸ் வங்கியின் பங்கு ஒன்று பதினைந்து ரூபாய்ச் சொச்சத்தில் நின்றது. அந்தி சாய்வதற்குள் நடுவண் அரசின் அறிவிப்பு வெளிவந்தது. வங்கியின் செயல்பாடு டிசம்பர் 16 வரை முடக்கி வைக்கப்படுகின்றது; அதுவரை கணக்கு வைத்திருப்போர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலாது. அதனைத் தொடர்ந்து ரிசர்வ் வங்கி ஒரு வரைவுத் திட்டத்தை முன்வைத்தது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனம் லட்சுமி விலாஸ் வங்கியைத் தன்னுடன் சேர்த்துக்கொள்ளும் என்பதே அத்திட்டம்.

பங்குதாரர்களுள் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது இந்தச் செய்திக்காகத்தான். "பெரிய இடத்தார் யாரேனும் வந்து வங்கியை வாங்குவார்கள், அன்று விலை பறக்கும்" என்பதே அவர்களது நம்பிக்கை. பெரிய இடத்தாரும் வந்தார்கள். 2,500 கோடி ரூபாய் முதலீட்டுடன் வந்தார்கள். ஆனால் அத்திட்டத்தில், வங்கியின் பங்கு முதல் முழுவதும் தள்ளுபடி செய்யப்படும் என்று ஒரு விதி இருந்தது. நவம்பர் 27-ஆம் நாள் இணைப்பு நடைமுறைக்கு வந்தது. ஆயிரம் பங்கு வைத்திருந்தவருக்கும் ஒன்றுமில்லை. இலட்சம் பங்கு வைத்திருந்தவருக்கும் ஒன்றுமில்லை. வங்கியில் பணம் போட்டு வைத்திருந்தவர்களோ ஒரு ரூபாயும் இழக்கவில்லை.

வங்கி பிழைத்தது, பங்கு மடிந்தது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை அறியாமல்தான் பலரும் வங்கிப் பங்கை வாங்கினார்கள்.

இதனை நமது இதழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வட்டியையே தொழிலாகக் கொண்ட வங்கியின் பங்கை வாங்குவது கூடாது என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. ஷரீஅத் அடிப்படையில் நிறுவனங்களைத் தெரிந்தெடுக்கும் இந்தியப் பங்குக் குறியீடுகளிலும் வட்டி வங்கிகளுக்கு இடமில்லை. ஆயினும் நம் இல்லங்களில் இப்பங்குகள் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல நம்மால் இயலுமா? வாப்பா விட்டுச்சென்ற பெட்டியில் பழைய பத்திரங்கள் கிடக்கின்றன. மகனின் கைப்பேசியில் வாங்கவும் விற்கவும் வசதி இருக்கின்றது. "இந்த வங்கியை அரபு நாட்டு வங்கி ஒன்று வாங்கப் போகிறதாம், காக்கா! இந்த மாதம் லாப ஈவும் தருகிறார்களாம். இப்போதே வாங்கினால் இரட்டை இலாபம்" என்று மச்சானிடமிருந்து செய்தி வருகின்றது. இப்படிப்பட்ட செய்தி வந்த வீட்டார் படிப்பதற்காகவே இக்கட்டுரை. எந்தப் பங்கையும் வாங்கச் சொல்வதற்காக அன்று.

மதுரையில் நடந்தது

வங்கி கைமாறினால் பங்குதாரருக்கு நன்மையே விளையாது என்று கூறிவிட முடியாது. அவ்வாறு கூறினால் அது நேர்மையாகாது. கருமுத்து தியாகராசர் செட்டியார் 1943-இல் தோற்றுவித்த மதுரை வங்கியை எடுத்துக்கொள்வோம். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் இவ்வங்கியும் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியும் இணையப்போவதாக அறிவித்தன. அறிவிப்புக்கு முந்திய நாட்களிலேயே மதுரை வங்கியின் பங்கு விலை ஏறத் தொடங்கிவிட்டது. யார் காதில் எது விழுந்ததோ, அல்லாஹ் அறிவான். மதுரை வங்கியின் பங்கு ஒன்றுக்கு ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் பங்கு இரண்டு என்று முடிவாயிற்று. 2001 மார்ச் 10 முதல் இணைப்பு நடைமுறைக்கு வந்தது.

அன்று நூறு பங்கு வைத்திருந்தவருக்கு இருநூறு பங்கு கிடைத்தது. 2014-ஆம் ஆண்டு இறுதியில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, பத்து ரூபாய் முகமதிப்புள்ள ஒவ்வொரு பங்கையும் இரண்டு ரூபாய்ப் பங்கு ஐந்தாகப் பிரித்தது, இருநூறு ஆயிரமாயிற்று. 2017-இல் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு இலவசமாக வழங்கியது. ஆயிரம் ஆயிரத்து நூறாயிற்று. 2024-இல் அப்பங்கு ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலைபோயிற்று.

மதுரை வங்கியின் கதையைக் கேட்டவர்கள்தாம் பிற்காலத்தில் கரூர் வங்கியின் பங்கைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்றால் அது மிகையாகாது. இரண்டும் தமிழ்நாட்டு வங்கிகள். இரண்டும் பெரிய வங்கியுடன் இணைந்தன. ஆனால் மதுரை வங்கி தன் காலில் நின்றுகொண்டிருந்தபோது பேரம் பேசியது. கரூர் வங்கி படுக்கையில் கிடந்தபோது அதற்காகப் பிறர் பேசினார்கள். வேற்றுமை இதுதான்.

கரூர் வங்கியின் கடைசி இரண்டாண்டுகள்

1926-இல் வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியாரின் தலைமையில் வணிகர் எழுவர் கூடித் தொடங்கிய வங்கி அது. ஊர் வணிகர்களுக்கும் சிறு தொழில் செய்வோருக்கும் கடன் கொடுத்து வளர்ந்தது. பிற்காலத்தில் பெரும் நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்கள் திரும்பாமல் தள்ளாடத் தொடங்கியது.

2019 ஏப்ரலில் இந்தியாபுல்ஸ் வீட்டுக்கடன் நிறுவனத்துடன் இணைப்பு என்று அறிவிப்பு வந்தது. லட்சுமி விலாஸ் பங்கு நூறுக்கு இந்தியாபுல்ஸ் பங்கு பதினான்கு என்பது கணக்கு. அன்றைய விலைப்படி ஒரு வங்கிப் பங்குக்கு 120 ரூபாய்க்கு மேல் கிடைக்கும் என்று தோன்றியது. சந்தையில் வங்கிப் பங்கோ தொண்ணூறு ரூபாயைக் கடந்து நின்றது. பார்ப்பவர் எவருக்கும் இது இலாபமாகத்தான் தெரியும். ஆனால் இந்த ஏற்பாட்டிற்கு ரிசர்வ் வங்கியின் இசைவு வேண்டும். அந்த இசைவு வருமா என்பதைச் சிறு பங்குதாரர் யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் இறுதியில் ரிசர்வ் வங்கி, லட்சுமி விலாஸ் வங்கியைத் திருத்த நடவடிக்கையின் கீழ்க் கொண்டுவந்தது. அக்டோபரில் இணைப்புக்கு இசைவு மறுத்தது. அதற்குள் இந்தியாபுல்ஸ் பங்கின் விலையும் பாதிக்குக் கீழே சரிந்துவிட்டிருந்தது. ஆகவே இணைப்பு நடந்திருந்தாலும் அந்த 120 ரூபாய் கிடைத்திருக்காது. பங்குக்குப் பங்கு என்று பேரம் பேசும்போது, வாங்குபவரின் பங்கும் விழக்கூடிய பண்டம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

2020 ஜூனில் கிளிக்ஸ் என்னும் நிதி நிறுவனம் வந்தது. மறுபடியும் பேச்சுவார்த்தை, மறுபடியும் பங்கு விலை ஏறிற்று. செப்டம்பரில் கூடிய பேரவையில் பங்குதாரர்கள், மேலாண்மை இயக்குநர் உட்பட எழுவரை வாக்களித்து வெளியேற்றினார்கள். அத்தனை வலிமை படைத்தவர்கள் பங்குதாரர்கள்! இரண்டே மாதத்தில் அவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

நவம்பர் 17-க்குப் பிறகு வந்த நாட்கள் மிகவும் கொடியவை. ஒரு நாளில் விலை இவ்வளவுதான் இறங்கலாம் என்று சந்தை ஒரு வரம்பு வைத்திருக்கின்றது. பங்கு நாள்தோறும் அந்த வரம்பைத் தொட்டு நின்றது. விற்க ஆயிரம் பேர், வாங்க எவருமில்லை. ஏறும்போதும் இதே வரம்பு உண்டு. அப்போது வாங்க ஆயிரம் பேர், விற்க எவருமில்லை. கைப்பேசியில் அதைப் பார்க்கும் இளைஞர், "பாருங்கள், யாருமே விற்கவில்லை, ஏதோ விஷயம் இருக்கிறது" என்பார். வாங்கும்போது கிடைக்காத பங்கு விற்கும்போதும் விலைபோகாது என்பது அவருக்குப் பிறகுதான் புரியும்.

ஐதராபாத்தில் தோன்றிய குளோபல் டிரஸ்ட் வங்கிக்கும் இதே முடிவுதான் நேர்ந்தது. 2001 ஜனவரியில் யூ.டி.ஐ. வங்கியுடன் இணைப்பு என்று அறிவித்தார்கள். அறிவிப்புக்கு முன்பே பங்கு விலை கிடுகிடுவென ஏறியிருந்தது. அந்த ஏற்றம் செயற்கையாக உண்டாக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது, இணைப்பு கைவிடப்பட்டது. 2004 ஜூலையில் வங்கி முடக்கப்பட்டு, ஆகஸ்டில் ஓரியண்டல் வங்கியுடன் சேர்க்கப்பட்டது. பணம் போட்டவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். பங்குதாரர்கள் வெறுங்கையுடன் நின்றார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்துக் கரூர் வங்கியின் பங்குதாரர்களும் அதே நிலையில் நின்றார்கள்.

வாங்குபவர் கொடுக்கும் பணம் எங்கே போகின்றது?

ஒரு வீட்டை வாங்குபவர் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுக்கின்றார். வங்கியை வாங்குபவரும் அப்படியே பங்குதாரர்களுக்குப் பணம் கொடுப்பார் என்று எண்ணுவது இயற்கை. ஆனால் இக்காலத்தில் வங்கிகள் பெரும்பாலும் வேறு வழியில் கைமாறுகின்றன. வங்கி புதிய பங்குகளை வெளியிடும். வருகின்றவர் அவற்றை மொத்தமாக வாங்குவார். பணம் வங்கியின் முதலாகச் சேரும். பழைய பங்குதாரரின் பைக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. வங்கி வலுப்பெறும் என்பது உண்மை. ஆனால் நேற்று வரை நூறில் ஒரு பங்கு வைத்திருந்தவர் இன்று அதனினும் குறைந்த பங்கிற்கே உரியவராகின்றார்.

அண்மைய எடுத்துக்காட்டு ஒன்று. 2025 அக்டோபரில் துபாயின் எமிரேட்ஸ் என்.பி.டி. வங்கி, கோலாப்பூரில் தோன்றிய ஆர்.பி.எல். வங்கியின் 60 சதவீதப் பங்கை ஏறக்குறைய 26,850 கோடி ரூபாய்க்குப் பெறுவதாக அறிவித்தது. புதிய பங்குகளை வெளியிடும் முறையில்தான் இந்த ஏற்பாடு அமைந்தது. பங்கு ஒன்றுக்கு விலை 280 ரூபாய். அறிவிப்புக்கு முந்திய வாரங்களில் பரவிய பேச்சினால் சந்தையில் அப்பங்கு ஏறக்குறைய 300 ரூபாயை எட்டியிருந்தது! வதந்தியைக் கேட்டுக் கடைசி நேரத்தில் வாங்கியவர், வங்கியையே வாங்க வந்தவரைவிட அதிக விலை கொடுத்தார். பிறகு விலை மேலும் ஏறலாம், இறங்கலாம். அது வேறு பேச்சு.

பெரும்பங்கு கைமாறும்போது பொதுப் பங்குதாரரிடமும் குறிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்வதாகத் திறந்த அழைப்பு விடுக்க வேண்டும் என்று செபியின் விதி இருக்கின்றது. 25 சதவீதத்தை எட்டுபவர் மேலும் 26 சதவீதத்திற்காவது அழைப்பு விடுக்க வேண்டும். ஆர்.பி.எல். பங்குக்கும் அழைப்பு விலை 280-தான். 300-க்கு விற்கக்கூடிய பொருளை 280-க்குக் கொடுக்க யார் செல்வார்?

வங்கியைப் பொறுத்தவரை மற்றொரு தடையும் உண்டு. ஒரு தனியார் வங்கியின் பங்கு முதலில் 5 சதவீதமோ அதற்கு மேலோ வைத்துக்கொள்ள விரும்புபவர் ரிசர்வ் வங்கியின் முன் இசைவைப் பெறவேண்டும். ஆகையால் ஒரே இரவில் யாரும் வங்கியைக் கைப்பற்றிவிட முடியாது. பேச்சு, விண்ணப்பம், ஆய்வு, இசைவு என்று மாதங்கள் செல்லும். அந்த மாதங்களில்தான் வதந்தி விளைகின்றது. பெரும் நிறுவனங்களைப் பற்றிய வதந்தியால் விலை வெகுவாக அசைந்தால், 24 மணி நேரத்திற்குள் ஆம் என்றோ இல்லை என்றோ அவை சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2024 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கின்றது. முதலில் சந்தை மதிப்பில் முதல் நூறு நிறுவனங்களுக்கும், 2024 டிசம்பரிலிருந்து முதல் இருநூற்றைம்பது நிறுவனங்களுக்கும் அது விதியானது. சிறிய வங்கிகள் பலவும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. வதந்தி மிகுதியாக உலவுவதும் அச்சிறிய வங்கிகளைச் சுற்றித்தான்.

லாப ஈவுக்காக வாங்குவது

மச்சானின் செய்தியில் இரண்டாம் பாதி இது. ஆண்டுக் கணக்கு முடிந்து, வங்கி லாப ஈவை அறிவித்து, அதற்கொரு பதிவு நாளையும் குறித்தவுடன், அந்த நாளுக்கு முன்பு பங்கை வாங்குவதற்குக் கூட்டம் சேருகின்றது. விலையும் சற்று ஏறுகின்றது. இதனை இலவசப் பணம் என்று நினைப்பவர் உண்டு.

கணக்கைப் பார்ப்போம். 200 ரூபாய் விலையில் நூறு பங்கு வாங்குகின்றோம். 20,000 ரூபாய் ஆயிற்று. பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் லாப ஈவு. ஈவு நீங்கிய நாளன்று பங்கின் விலை ஏறக்குறைய அந்தப் பத்து ரூபாய் குறைந்தே தொடங்கும். பங்கு 19,000, ஈவு 1,000. கூட்டினால் அதே 20,000. நம் பணத்தில் ஒரு பகுதியே மறு கை வழியாக நம்மிடம் திரும்புகின்றது. திரும்பும்போது வரியும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் லாப ஈவு பெறுபவரின் வருமானத்துடன் சேர்த்து வரி விதிக்கப்படுகின்றது. வளைகுடாவில் பணிபுரியும் பிள்ளைகளின் பெயரில் பங்கு இருந்தால், பொதுவாக 20 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். தரகும் பரிவர்த்தனை வரியும் தனி.

விளம்பரங்களில் வரும் சதவீதக் கணக்கிலும் ஏமாறக்கூடாது. "100 சதவீத லாப ஈவு" என்று பார்த்தவுடன் போட்ட பணம் இரட்டிக்கும் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. சதவீதம் முகமதிப்பின் மேல் கணக்கிடப்படுவது. முகமதிப்பு பத்து ரூபாயாயின் 100 சதவீதம் என்பது பத்தே ரூபாய்தான். நாம் 500 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தால் அது நம் பணத்திற்கு 2 சதவீதம்.

அதுவும் ஆண்டுதோறும் வரும் என்பதற்கு உறுதியில்லை. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரல் 17-ஆம் நாள், அந்த நிதியாண்டின் இலாபத்திலிருந்து எந்த வங்கியும் லாப ஈவு வழங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. நல்ல இலாபம் ஈட்டிய வங்கிகளும் அந்த ஆண்டு கையைக் கட்டிக்கொண்டன. ஈவை நம்பி மாதச் செலவுக்குத் திட்டமிட்டிருந்த முதியோர்களின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உம்மாவின் பங்கும் தங்கையின் பங்கும்

இனி, நம் வீடுகளில் பெரிதும் சிக்கலாகும் இடத்திற்கு வருவோம். ஓர் இல்லத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். வாப்பா வஃபாத்தாகிவிட்டார். அவருடைய பெற்றோர் முன்னரே மறைந்துவிட்டனர். உம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். வாப்பாவின் பெயரில் ஏதோ ஒரு வங்கியின் பங்கு ஆயிரம் இருக்கின்றது. கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின் உம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 125 பங்கு. எஞ்சிய 875-இல் மகன்களுக்கு 350 வீதம், மகளுக்கு 175.

கணக்கு எளிது. ஆனால் மூத்தவர் சொல்கின்றார்: "இப்போது பிரிக்க வேண்டாம். வங்கி கைமாறப் போகிறதாம். ஆறு மாதம் பொறுத்தால் இரண்டு மடங்கு கிடைக்கும். அதற்குள் லாப ஈவும் வந்துவிடும்." அவர் கெட்டவர் அல்லர், எல்லாருக்கும் நன்மை வேண்டும் என்றே சொல்கின்றார். தங்கை வாய் திறப்பதில்லை. காக்கா சொன்னபின் என்ன பேசுவது? ஆறு மாதம் ஓராண்டாகின்றது. விலை ஏறினால், இன்னும் ஏறட்டும் என்று தோன்றும். இறங்கினால், பழைய விலை வரட்டும் என்று தோன்றும். கரூர் வங்கியின் பங்கு தொண்ணூறில் இருந்தபோது இப்படிச் சொல்லிக் காத்திருந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும்?

தம் பங்கை வைத்துக் காத்திருப்பது ஒருவருடைய விருப்பம். உம்மாவின் 125-ஐயும் தங்கையின் 175-ஐயும் சேர்த்துவைத்துக் காத்திருப்பதற்கு அவருக்கு என்ன உரிமை இருக்கின்றது? பங்குகளைப் பங்குகளாகவே பிரித்து, அவரவர் டீமேட் கணக்கில் சேர்த்துவிடலாம். இறந்தவரின் பங்கை வாரிசுகளின் பெயருக்கு மாற்றுவதற்கு முறையான வழி இருக்கின்றது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் அடையாள ஆவணங்களும் வேண்டும். விற்பதா, வைத்திருப்பதா, வட்டி வங்கிப் பங்கென்பதால் அதில் வந்ததை என்ன செய்வது என்பவற்றை அவரவர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளட்டும். வதந்தி பொய்த்தால் நஷ்டம் அதை நம்பியவரோடு நிற்கும்.

பழைய பத்திரம் இருக்கின்றதா?

பெட்டியில் காகிதப் பத்திரம் இருந்தால் அதன்மேல் அச்சிட்டிருக்கும் வங்கியின் பெயரை முதலில் படியுங்கள். குளோபல் டிரஸ்ட், லட்சுமி விலாஸ் என்றிருந்தால் அது வெறும் நினைவுச் சின்னம். மதுரை வங்கி என்றிருந்தால், அந்தக் காகிதத்திற்குரிய பங்கு இன்று ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியில் வேறு எண்ணிக்கையில் இருக்கக்கூடும். மேலே சொன்ன கணக்கின்படி நூறுக்கு ஆயிரத்து நூறு.

ஏழாண்டுகள் தொடர்ந்து லாப ஈவைப் பெறாமல் விட்டிருந்தால், ஈவுத் தொகையும் அந்தப் பங்கும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியம் என்ற அரசு அமைப்புக்குச் சென்றிருக்கும். அங்கே சென்றது தொலைந்துபோனதாகாது. ஐ.ஈ.பி.எஃப்.-5 என்ற படிவத்தை நிரப்பி உரியவரோ வாரிசோ மீட்டுக்கொள்ளலாம். நிதியத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தந்து தேடிப் பார்க்கவும் வழி இருக்கின்றது. பாதிப் பங்கைக் கேட்டுக்கொண்டு மீட்டுத்தர முன்வரும் இடைத்தரகர்கள் ஊருக்கு ஊர் முளைத்திருக்கின்றார்கள். ஓரளவு படித்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் அவர்கள் தேவையில்லை.

2019 ஏப்ரல் முதல் காகிதப் பத்திரத்தை அப்படியே பிறருக்கு விற்க முடியாது. டீமேட் கணக்கில் ஏற்றிய பின்னரே விற்கலாம். வாப்பாவின் கையெழுத்து, பெயரின் எழுத்துக்கூட்டல், பழைய முகவரி ஆகியவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் மாதங்கள் இழுக்கும். ஆதலால், உம்மா நம்முடன் இருந்து, எது எங்கே இருக்கின்றது என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.